பாட்டியின் குரல் லாக்கெட்டுக்குள் அடங்குமா?

வாசகி ஒருவர் மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார். அவருடைய அம்மா போன வருடம் இறந்துவிட்டார். அம்மா அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்கள் 40-க்கும் மேல் செல்போனில் இருக்கின்றன. தை மாதம் மகளுக்குக் கல்யாணம். 'பாட்டியின் குரலை ஒரு லாக்கெட்டில் வைத்து, மகள் கழுத்தில் போட்டு அனுப்ப ஆசை. இணையத்தில் மெமரி லாக்கெட் என்று விற்கிறார்கள். வாங்கலாமா, அல்லது எங்கள் ஆசாரியிடமே சொல்லிச் செய்துகொள்ளலாமா?'

செய்யலாம் சகோதரி. ஆனால் அந்த லாக்கெட்டுக்குள் உண்மையில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள். இதே ஆசை வேறு பலருக்கும் இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நகைக்குள் ஒருவரின் நினைவை வைப்பது நமக்குப் புதிதல்ல. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இங்கிலாந்தில் இறந்தவரின் தலைமுடியை லாக்கெட்டில் வைத்து அணிந்தார்கள். 1861-ல் கணவர் ஆல்பர்ட் இறந்த பிறகு விக்டோரியா மகாராணியும் அவருடைய முடி வைத்த லாக்கெட்டை அணிந்தார். 1901-ல் தான் இறக்கும்வரை துக்க உடையையும் விடவில்லை. இந்த வகை நகைகளுக்கு சார்ஜ் போட வேண்டியதில்லை. பாஸ்வேர்டு மறந்துபோகாது. 100 வருடம் கழித்துத் திறந்தாலும் முடி முடியாகத்தான் இருக்கும். இப்போது விற்கும் 'ஸ்மார்ட்' நகைகளை இந்தத் தராசில் வைத்துத்தான் நான் நிறுத்துப் பார்ப்பேன்.

இணையத்தில் கிடைக்கும் மெமரி லாக்கெட்டுகளில் பலவற்றுக்குள் இருப்பது என்.எஃப்.சி. சிப். மெட்ரோ ரயில் அட்டையைக் கதவில் தொட்டால் திறக்கிறதே, கிட்டத்தட்ட அதே நுட்பம். நகம் அளவு சிப், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள். பேட்டரி கிடையாது. செல்போனை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அருகில் கொண்டுபோனால் போனிலிருந்து வரும் ரேடியோ அலையே சிப்புக்கு மின்சாரம் கொடுத்து எழுப்பிவிடுகிறது. சிப் தன்னிடம் உள்ளதைச் சொல்லிவிட்டு மறுபடி தூங்கிவிடும். கெட்டிக்காரத்தனமான பொருள், விலையும் குறைவு.

ஆனால் அதில் எவ்வளவு இடம் இருக்கிறது தெரியுமா? பரவலாகப் பயன்படும் என்டேக் வரிசையில் சின்ன சிப்பில் 144 பைட், பெரியதில் 888 பைட். தமிழில் 'அம்மா' என்று கணினிக்குப் புரியும்படி எழுத 15 பைட் வேண்டும். அதாவது பெரிய சிப்பிலேயே 'அம்மா' என்று இடைவெளி விடாமல் எழுதினால் 59 முறைதான் எழுதலாம். சிப்பின் சொந்தக் குறிப்புகளுக்கான இடத்தைக் கழித்தால் அதுவும் குறையும். குரல் இன்னும் மோசம். ஆளை அடையாளம் தெரியும் தரத்தில் பேச்சைச் சுருக்கி வைக்க ஒரு விநாடிக்கு 1,000 பைட் அளவுக்கு வேண்டும். ஆக, அந்த லாக்கெட்டில் பாட்டியின் குரல் அந்தத் தரத்தில் ஒரு விநாடிகூட அடங்காது.

அப்படியானால் போனைத் தொட்டதும் குரல் கேட்கிறதே? சிப்பில் இருப்பது ஒரு இணைய முகவரி மட்டும். குரல் இருப்பது அந்த நிறுவனம் வாடகைக்கு எடுத்திருக்கும் ஏதோ ஒரு சர்வரில். நீங்கள் மகளுக்குப் போட்டு அனுப்புவது பாட்டியின் குரலை அல்ல, அந்தக் குரல் குடியிருக்கும் வீட்டின் முகவரிச் சீட்டை. வீட்டுக்காரர் காலி செய்துவிட்டால் தங்கம் மட்டும் மிஞ்சும்.

சும்மா பயமுறுத்துவதாக நினைக்க வேண்டாம். 2012-ல் ஸ்வீடனில் மெமோட்டோ என்றொரு சின்ன கேமரா அறிமுகமானது. சட்டையில் குத்திக்கொண்டால் 30 விநாடிக்கு ஒரு படம் தானாக எடுக்கும். வாழ்க்கை முழுவதையும் சேமிக்கலாம் என்றார்கள். மக்கள் இணையத்தில் முன்பணம் கட்டி ஆதரித்தார்கள். பிறகு நரேட்டிவ் என்று பெயர் மாறியது. 2016-ல் நிறுவனத்தையே கலைப்பதாக அறிவித்தார்கள்.

இன்னும் அண்மையது ஹியூமேன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஏ.ஐ. பின். நெஞ்சில் ப்ரூச் போலக் குத்திக்கொள்ளும் கருவி. கேமரா, மைக், உள்ளங்கையில் எழுத்து காட்டும் லேசர் எல்லாம் உண்டு. 2024-ல் விற்பனைக்கு வந்தபோது விலை 699 டாலர், அதற்கு மேல் மாதச் சந்தா 24 டாலர். 2025 பிப்ரவரி 18 அன்று தன் சொத்துகளை எச்.பி. நிறுவனத்துக்கு 11.6 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. வாங்கியவர்களுக்குச் சொன்ன சேதி: பிப்ரவரி 28-க்குப் பிறகு பின் வேலை செய்யாது, படங்களையும் குறிப்புகளையும் அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அழித்துவிடுவோம். பத்தே நாள். ஊருக்குப் போயிருந்தவர்கள், மின்னஞ்சலைத் தினமும் பார்க்காதவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

இவற்றில் பெரும்பாலும் போனது அன்றாடப் படங்கள். நம் வாசகி வைக்க நினைப்பது திரும்பப் பதிவு செய்யவே முடியாத குரல்.

சரி, சர்வரே வேண்டாம், குரலை லாக்கெட்டுக்குள்ளேயே வைத்தால்? முடியும். பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டையில் இருப்பது போன்ற சிறிய பலகை, ஒரு மெமரி சிப், பொத்தான் அளவு ஸ்பீக்கர், பேட்டரி. மூடியைத் திறந்ததும் பேசும்படி செய்துவிடலாம். மூடியில் ஒரு காந்தத் துணுக்கும் உள்ளே அதை உணரும் சின்ன ஸ்விட்சும் போதும். இங்கேதான் ஆசாரியின் தொழிலும் எலெக்ட்ரானிக்ஸும் சண்டை போடுகின்றன. பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கும் சூட்டில் எந்த சிப்பும் பிழைக்காது. ஆகவே நகை வேலை முழுக்க முடிந்து, மெருகும் போட்ட பிறகுதான் உள்சாமான் போக வேண்டும். அதற்குத் திருகோ கொக்கியோ உள்ள கதவு வேண்டும். லித்தியம் பேட்டரி சில வருடங்களில் களைத்துவிடும், சில சமயம் உப்பியும்விடும். அதைக் கழுத்தில் அணியும் பொருளுக்குள் நிரந்தரமாக அடைத்து மூடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வியர்வை வேறு இருக்கிறது. நம் ஊர் சித்திரை மாதத்தில் கழுத்து நகை படும் பாடு உங்களுக்குத் தெரியாததல்ல.

ஸ்பீக்கர் இவ்வளவு சின்னதாக இருந்தால் சத்தம் மெலிதாகத்தான் வரும். இதைக் குறையாக நான் நினைக்கவில்லை. லாக்கெட்டைக் காதருகே தூக்கி வைத்தால்தான் கேட்கும் என்றால், அது போட்டிருப்பவருக்கும் பாட்டிக்கும் மட்டுமான பேச்சாகிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்றால் மைக் செட் இருக்கிறதே!

இந்த மாதிரிக் கேள்விகளையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவர் இருக்கிறார். பிரிட்டனைச் சேர்ந்த ஜெயின் வாலஸ். முறையாக நகை வடிவமைப்பு படித்தவர். ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகத்தில் டிஜிட்டல் நகை பற்றி ஆய்வு செய்து 2007-ல் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதினார். இப்போது நியூகாசிலில் உள்ள நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நகைக்குள் போனைத் திணிப்பதல்ல இந்த வேலை என்பது அவர் கட்சி. ஒரு நகையைச் செய்வதற்கு முன் அதை அணியப்போகிறவரோடு மாதக்கணக்கில் பழகுகிறார். கேள்வித்தாள் கொடுப்பதில்லை, அழகாகச் செய்த சின்னச் சின்னப் பொருள்களைக் கொடுத்து, அவற்றில் எழுதவும் வரையவும் நினைத்ததை வைக்கவும் சொல்கிறார். அதிலிருந்து வருவதுதான் நகை.

அப்படிச் செய்தவற்றில் 'பிளாசம்' என்பது எனக்கு மிகவும் பிடித்தது. குடும்ப வேர் சைப்ரஸ் தீவில் இருக்க, தான் இங்கிலாந்தில் வாழும் ஒரு பெண்ணுக்காகச் செய்தது. சைப்ரஸில் அந்தக் குடும்பத்தின் நிலத்தில் மழையை அளக்கும் ஒரு சென்சார். அங்கே குறிப்பிட்ட அளவு மழை பெய்து முடித்ததும் இங்கிலாந்தில் இந்தப் பெண்ணிடம் இருக்கும் பொருள் பூப்போல இதழ் விரியும். ஒரே ஒரு தடவைதான். என்றைக்கு என்று யாருக்கும் தெரியாது. விரிந்த பிறகு அதற்கு வேறு வேலையில்லை.

பொறியாளர் யாரிடமாவது இதைச் சொன்னால், 'இவ்வளவு செய்துவிட்டு ஒரே தடவையா?' என்பார். ஊரை விட்டு வந்தவர்களிடம் சொல்லிப் பாருங்கள். ஊரில் மழை என்று போனில் கேட்டால் இங்கே மனம் நனைகிறவர்கள் அவர்கள். பொத்தானை அழுத்தும்போதெல்லாம் விரியும் பூவாக இருந்தால் மூன்றாம் நாள் அது பொம்மையாகிவிடும்.

இன்னொன்று 'சம்டைம்ஸ்' என்ற கழுத்து மாலை. அதைப் போட்டிருக்கும்போது அருகில் உள்ள திரையில் எப்போதாவது சின்னப் படம் ஓடும். போட்டவர் கட்டளையிட முடியாது. நினைவு என்பதே அப்படித்தானே வருகிறது என்பது வாலஸின் எண்ணம். ஆனால் இந்த இடத்தில் நான் அவரோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். துக்கம் ஆறாத வீட்டில், எதிர்பாராத நேரத்தில் இறந்தவரின் குரல் கேட்பது வேறு விஷயம். பேருந்தில் நின்றுகொண்டிருக்கும்போது, அலுவலக மீட்டிங்கில், அது தானாகப் பேசக் கூடாது. குரலுக்கு மட்டும், கேட்க வேண்டும் என்று நினைத்துக் கையால் ஒரு காரியம் செய்தால்தான் கேட்கும்படி இருக்க வேண்டும். மூடியைத் திறப்பது, காதருகே கொண்டுபோவது, போனைத் தொடுவது, எதுவாகவும் இருக்கட்டும்.

40 மெசேஜையும் வைக்கட்டுமா என்று அந்தச் சகோதரி அடுத்து கேட்பார் என்று நினைக்கிறேன். அதற்குமுன் ஒரு ஆராய்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசாஃப்ட்டின் கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் லிண்ட்ஸே வில்லியம்ஸ் என்பவர் சென்ஸ்கேம் என்ற கேமராவை உருவாக்கினார். டாலர் போலக் கழுத்தில் தொங்கும். வெளிச்சம் மாறினால், எதிரே ஆள் வந்தால், அதுவாகவே படமெடுக்கும். மூளை அழற்சியால் நினைவாற்றல் பாதிக்கப்பட்ட 63 வயதுப் பெண்மணி ஒருவரிடம் இதைப் பரிசோதித்து 2007-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆய்வில் அவர் பெயர் திருமதி பி. முக்கியமான நாள்களில் கேமராவை அணிந்துகொள்வார். பிறகு இரண்டு நாளைக்கு ஒருமுறை, இரண்டு வாரம், அந்தப் படங்களைப் பார்ப்பார். அதற்குப் பிறகு அந்த நிகழ்வுகளில் சுமார் 80 சதவீதத்தை அவரால் சொல்ல முடிந்தது. எழுதி வைத்த டைரியைப் படித்தபோது 49 சதவீதம்தான். டைரியைப் பார்க்காமல் ஒரு மாதம் போனதும் அதுவும் மறந்துவிட்டது. படம் பார்த்தவை 11 மாதம் கழித்தும் நின்றன.

ஒரே ஒரு நோயாளியிடம் செய்த ஆரம்பகட்ட ஆய்வு இது. 'ஞாபகசக்தி கூட்டும் நகை' என்று யாராவது விளம்பரம் செய்தால் இதைக் காட்டி நம்பவைக்க முடியாது. எனக்கு இதில் முக்கியமாகப் பட்டது வேறு. திருமதி பி-க்கு வேலை செய்தது கேமராவில் சேர்ந்த படக்குவியல் அல்ல. குறிப்பிட்ட ஒரு நாளின் படங்களைத் திரும்பத் திரும்ப உட்கார்ந்து பார்த்தது. சில வருடங்கள் கழித்து, 2010-ல், அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தைச் சேர்ந்த அபிகெயில் செல்லென், ஸ்டீவ் விட்டேக்கருடன் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்றில், எல்லாவற்றையும் பதிவு செய்யும் வெறியை விடுங்கள், நினைவைத் தூண்டும் குறிப்புகளைச் செய்யுங்கள் என்று வாதிட்டார். பதிவு செய்தது நினைவு அல்ல. அது நினைவைக் கிளறிவிடும் குச்சி.

அதனால் 40 வேண்டாம். ஒன்று போதும். அந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் இந்த நகையில் உண்மையான வடிவமைப்பு வேலை. அதை எந்தக் கடையும் உங்களுக்காகச் செய்ய முடியாது. மகளையும் கூட உட்கார வைத்து 40-ஐயும் ஒரு நாள் முழுக்கக் கேளுங்கள். வாழ்த்தும் ஆசீர்வாதமும் உள்ள மெசேஜைத்தான் முதலில் எடுக்கத் தோன்றும். என்னைக் கேட்டால், கூப்பிடும் விதம் தெரிகிற மெசேஜ் நல்லது. ஒவ்வொரு பாட்டிக்கும் பேத்தியைக் கூப்பிட ஒரு தனிப் பெயர் இருக்கும், அதைச் சொல்வதற்கு ஒரு இழுவை இருக்கும். பின்னால் குக்கர் விசில் கேட்டால் வெட்டிவிடாதீர்கள்.

நடுவில் ஒரு வார்த்தை. ஏ.ஐ. கொண்டு அம்மாவின் குரலிலேயே கல்யாண வாழ்த்து புதிதாகத் தயாரித்துத் தருகிறோம் என்று யாராவது வரலாம். நுட்பம் இருக்கிறது, சில நிமிடப் பதிவு இருந்தாலே செய்துவிடுவார்கள். அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைக்க நமக்கு என்ன உரிமை? பத்து வருடம் கழித்து மகளுக்கே எது பாட்டி பேசியது, எது மெஷின் பேசியது என்று குழம்பிவிடும். நான் செய்ய மாட்டேன்.

சரி, தை மாதத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வழிக்கு வருவோம். என் யோசனை பேட்டரி இல்லாத லாக்கெட். திறந்து மூடும் பெட்டி போல ஆசாரியிடம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே ஒரு பக்கம் பாட்டியின் கையெழுத்தில் ஒரு சொல்லைப் பொறிக்கச் சொல்லுங்கள். மளிகை லிஸ்டோ பழைய கடிதமோ வீட்டில் எங்காவது கிடைக்கும். எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் செத்துப்போனாலும் அந்த எழுத்து இருக்கும், லாக்கெட் நகையாகவும் இருக்கும். விக்டோரியா காலத்து லாக்கெட்டுக்குச் சமமாக நிற்கும் பகுதி அதுதான்.

மறுபக்கம் என்.எஃப்.சி. சிப். நாலா பக்கமும் தங்கத்தால் மூடினால் ரேடியோ அலை உள்ளே போகாது. போன் தொடும் பக்கம் கண்ணாடியோ, சிப்பியோ, மரமோ இருக்க வேண்டும். பின்னால் உலோகம் இருக்கும் என்பதால் 'உலோகத்தின் மேல் ஒட்டுவதற்கானது' என்று கேட்டு வாங்குங்கள். அதில் ஃபெரைட் படலம் ஒன்று இருக்கும், அலை உலோகத்தில் மாட்டிக்கொள்ளாமல் அது காக்கும். ஆசாரி வேலை தொடங்குவதற்கு முன்பே ஒரு சிப்பை அவர் கையில் கொடுத்து அளவு எடுக்கச் சொல்லுங்கள். எடை போட்டு ரசீது எழுதிய பிறகு சிப்பை வையுங்கள். சிப்புக்குத் தங்க விலை கொடுக்க வேண்டாம்!

சிப்பை நிரந்தரமாக ஒட்டக் கூடாது. இதன் தயாரிப்பாளர் விவரத்தாளில் தகவல் 10 வருடம் நிற்கும் என்றுதான் உத்தரவாதம் தருகிறார்கள். அதற்கு மேலும் நிற்கலாம். ஆனால் நகை மூன்று தலைமுறைக்குப் போகும் பொருள். மாற்றக்கூடியதாக இருக்கட்டும்.

குரலை எங்கே வைப்பது? மகளுடைய போனிலேயே. ஐபோனில் 'ஷார்ட்கட்ஸ்' என்ற ஆப்பில், இந்தச் சிப்பைத் தொட்டால் இந்தக் குரலைப் போடு என்று அமைத்துவிடலாம். ஆண்ட்ராய்டிலும் இதற்கான ஆப்கள் உண்டு. சர்வர் வேண்டாம், சந்தா வேண்டாம், வேறு யாருடைய போன் தொட்டாலும் எதுவும் கேட்காது. இணைய முகவரி வைத்தால் லாக்கெட்டைத் தொடும் எந்தப் போனிலும் திறந்துவிடும், அதையும் யோசியுங்கள். மகள் போனில் என்.எஃப்.சி. இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். விலை குறைந்த பல மாடல்களில் இருக்காது. சிப்பில் எழுதியதை நிரந்தரமாகப் பூட்டும் வசதியைத் தொடாதீர்கள், பிறகு உங்களாலேயே மாற்ற முடியாது. பாஸ்வேர்டு மட்டும் போட்டு அதை ஒரு காகிதத்தில் எழுதி நகைப் பெட்டியில் வையுங்கள்.

லாக்கெட்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. குரலுக்கு இல்லை. அந்த 40 மெசேஜும் இப்போது ஒரே ஒரு செல்போனில் இருக்கின்றன. அது தண்ணீரில் விழுவதற்கு முன், இன்று இரவே ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு மெசேஜையும் அழுத்திப் பிடித்து, 'ஷேர்' கொடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். அவை ஓபஸ் என்ற வகைக் கோப்பாக வரும். மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு எம்.பி.3 நகல் ஒன்றும் எடுங்கள். ஒரு பென் டிரைவில், ஒரு கம்ப்யூட்டரில், வேறு ஊரில் இருக்கும் உடன்பிறப்பு ஒருவரிடம் என மூன்று இடத்தில் இருக்கட்டும். கோப்பின் பெயராக எண்களும் எழுத்துகளும்தான் வரும். அதை மாற்றி, தேதியையும் அன்று அம்மா யாரிடம் எதைப் பற்றிப் பேசினார் என்பதையும் நாலு வார்த்தையில் எழுதுங்கள். உங்களுக்கு இப்போது எல்லாம் ஞாபகம் இருக்கும். பேத்தியின் மகளுக்கு அது தெரியாது.